குறை நம்பர் எழுபத்தேழு

செம்மணல்விளைக்காரங்க மொத்தமாச் சேந்து சிரிச்சா சாமான் காணாமப் போவும்ங்கிறது இப்ப சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சங்கதி, ஆனா அது ஆரம்பிச்ச அன்னைக்குப் போனது வெறும் ஒரு டீ கிளாஸு, அதனால யாரும் அதைப் பெருசா எடுத்துக்கிடல.

அந்த ஊருக்குப் பின்னால தேரி இருக்கு. செவப்பு மணலு, கண்ணுக்கு எட்டுன மட்டும் மிளகாப்பொடியைக் கொட்டிக் காயவச்ச மாதிரி கிடக்கும், காத்தடிச்சா நேத்து இருந்த மேடு இன்னைக்கு இருக்காது. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால மெட்ராஸ்ல இருந்து ஒரு படக் கம்பெனி வந்து, இதான் நாம தேடுன வேற கிரகம்னு சொல்லி, ‘செங்கோளம்’ படத்தோட ரெண்டாம் பாகத்தை அங்க வச்சு எடுத்துச்சு. கிரகத்து ஆளுகளா நடிக்க ஊர்ல அறுபது பேரைக் கூப்பிட்டு, உடம்பு பூரா வெள்ளிப் பெயிண்ட் அடிச்சு, தலையில மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, சுடுமணல்ல நட நடன்னு நடக்க விட்டாங்க. ஒரு வாரம் தேய்ச்சுக் குளிச்சும் பெயிண்ட் போகல, அந்த வாரம் ஊர்ல இருந்த கைப்பிள்ளைக எல்லாம் அப்பனைப் பாத்து அலறுச்சு. படம் மொத்தம் அஞ்சு பாகம் வந்துச்சு, மத்த ஊர்ல எல்லாம் அஞ்சே நாள்ல தூக்கிட்டாங்க, செம்மணல்விளையில மட்டும் ரெண்டாம் பாகம் இன்னும் ஓடுது, தாமரை டாக்கீஸ்ல, மாசத்தோட கடைசி ஞாயித்துக்கிழமை மத்தியான ஆட்டம். உள்ள போனா ஊரே உக்காந்து ஊரையே பாத்துக்கிட்டு இருக்கும்.

படம் விட்டதும் டாக்கீஸ் பின்னால வாகை மரத்தடியில சண்டை ஆரம்பிக்கும். ரசிகர் மன்றத் தலைவரு தவசிமுத்து அண்ணாச்சி, மாவு மில்லு வச்சிருக்கவரு, தலையில இருந்து கால் வரைக்கும் அரிசி மாவு பூசி அவரே ஒரு கிரகத்து ஆளு மாதிரிதான் இருப்பாரு. செயலாளரு ஜெபராஜ், பள்ளிக்கூடத்து லேப்ல பாட்டில் கழுவுற வேலை, அதனால ஊர்ல விஞ்ஞானம் அவரு பொறுப்பு.

“அண்ணாச்சி, வானவெளியில காத்தே கிடையாது. காத்து இல்லாத இடத்துல ராக்கெட்டு எப்படி டமார்னு வெடிக்கும்? சத்தமே கேக்கக் கூடாது.”

“சத்தம் கேக்கலன்னா ஒரு மனுசன் எதுக்குவே டிக்கெட் எடுத்து வாரான்?”

“நாலாம் பாகத்துல கதாநாயகி ஹெல்மெட் இல்லாம டூயட் பாடுதா. மூச்சு எங்க இருந்து வருது?”

“காதல்ல இருக்கவளுக்கு மூச்சு எதுக்கு. உமக்குக் கல்யாணம் ஆயிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

இப்படியே பேசிப் பேசிப் பொழுது சாஞ்சிரும், ஒருத்தனும் ஒருத்தன் சொன்னதை ஒத்துக்கிட மாட்டான், கடைசியில கைகலப்பு ஆகி ரெண்டு பேரு வேட்டி கிழிஞ்ச பிற்பாடு மன்றம் ஒரு வழக்கம் வச்சுது. ஜெபராஜ் ஒரு நீளமான நோட்டுல நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம்னு நம்பர் போட்டு எழுதணும். தீர்ப்பு மரத்தடியில கிடையாது, தியேட்டருக்குள்ளதான். அந்தக் காட்சி திரையில வாரப்போ ஒரு ஆளு பாக்கி இல்லாம எல்லாரும் சிரிச்சா அது குறை. ஒரே ஒருத்தன் விசில் அடிச்சாலும் அது நிறை, அதுக்குமேல எவனும் வாயத் தொறக்கக் கூடாது. சிரிப்பும் முழுசா இல்ல, விசிலும் இல்லன்னா அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்.

மொதல்ல பாஸ் ஆன குறை, ராக்கெட்டு மிசினு மேல எவனோ மறந்து வச்சுட்டுப் போன டீ கிளாஸு. எல்லாரும் சிரிச்சாங்க. மறு மாசம் படம் போட்டா கிளாஸைக் காணோம், மிசினு மட்டும் பளபளன்னு இருக்கு. வெளிய வந்தா டீக்கடையிலயும் ஒரு கிளாஸு குறையுது. அப்புறம் கிரகத்து ஆளு ஒருத்தன் கையில கட்டியிருந்த வாச்சு. படத்துலயும் போச்சு, கட்டியிருந்தவன் கையிலயும் போச்சு, மணிக்கட்டுல வெள்ளையா ஒரு பட்டை மட்டும் இருந்துச்சு. ஏன் இப்படின்னு ஒருத்தரும் கேக்கல, படம் நல்லா ஆயிக்கிட்டு வருதேன்னு சந்தோசப்பட்டாங்க. கிரகத்துல மேஞ்ச ஆடு தவசிமுத்து அண்ணாச்சி ஆடு. அது போன அன்னைக்கு அவரு சாப்பிடல, மறுநாளு, “அது காயப்போட்ட மாவைத் தின்னுக்கிட்டே இருந்துச்சுவே, போனா போவட்டும்”னு சொல்லிட்டாரு. ராக்கெட்டுக்குப் பின்னால தெரிஞ்ச நாப்பத்திரெண்டு பனையும் ஒரே சிரிப்புல போச்சு. பனையேறுற அருமைநாயகம் நல்லவேளை சாப்பிடக் கீழ இறங்கியிருந்தான், இல்லன்னா எங்க விழுந்திருப்பானோ. அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். ஊரு சொல்லுச்சு, பனையேறுனா முட்டு தேயும், அவனுக்கும் நல்லதுதான்னு. இப்படிப் போன ஒவ்வொண்ணுக்கும் ஊரு ஒரு குத்தம் கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குச்சு.

குறை நம்பர் நாப்பத்தொண்ணு, கிரகத்து ஓரமாப் போற ஒன்பதரை மணி பஸ்ஸு. சிரிச்சாங்க, போச்சு. எப்பவும் லேட்டாத்தான வரும்னு சொல்லிட்டு ஜனம் நடந்துச்சு. ஆனா பஸ்ஸு போயும் அதோட ஹாரன் சத்தம் மட்டும் படத்துல லேசாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, ஜெபராஜு காது பொல்லாத காது, கண்டுபிடிச்சு அறுபத்து மூணாம் நம்பர் போட்டாரு. அதுக்கும் சிரிச்சாங்க. மறுநாள்ல இருந்து ஊர்ல ஒருத்தருக்கும் அப்படி ஒரு பஸ்ஸு இருந்த ஞாபகமே இல்ல. ரோட்டோரத்துல கூரை போட்டு ஒரு சிமிண்ட் பெஞ்சு நிக்கும், அது எதுக்கு நிக்குதுன்னு தெரியாம அதுல மொளகா காயப்போட்டாங்க.

இதுல லிங்கதுரை எங்க வாரான்னா, எல்லாத்துலயும் வாரான். மைக் செட் ஆட்டோ ஓட்டுறவன் அவன். படம் போட்டாலும் அவன் குரல்தான், ஊர்ல சாவு விழுந்தாலும் அவன் குரல்தான், துக்கத்தைச் சொல்லும்போதுகூட செத்தவரு இருமுற மாதிரி ஒரு தடவை இருமிக் காட்டிட்டுத்தான் சொல்லுவான், செத்தவரு வீட்டுக்காரங்களே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. நாய், கோழி, தாசில்தாரு, மாவு மில்லு பெல்ட்டு, எது வேணாலும் அவன் வாயில இருக்கும். ‘பா... பாங்’னு ஒரு சத்தம் குடுப்பான், பிரமாதமா இருக்கும், ஆனா அது எதோட சத்தம்னு அவனுக்கே தெரியாது.

அவன் பொண்டாட்டி புஷ்பக்கனி, சத்துணவுல சமையலு. படத்துல அவ நாலு செகண்டு வருவா. மணல் மேட்டுல தனியா ஆறு அடி நடப்பா, ஹெல்மெட்டைத் தலையில மாட்டாம குடம் மாதிரி இடுப்புல இடுக்கிக்கிட்டு, மூக்குல மூக்குத்தி மின்ன நடந்து, அஞ்சாவது அடியில டக்குனு திரும்பி கேமராவைப் பாப்பா. கிரகத்துக்காரி கேமராவைப் பாக்கலாமா? முதல் நாள் ஆட்டத்துலயே ஊரு அதைப் பிடிச்சுக்கிட்டுது. கட்டுன புருசன் லிங்கதுரைதான் அதை ஊருக்கே பெரிய கூத்தா ஆக்குனான். அந்தக் காட்சி வாரப்போ திரைக்கு முன்னால ஏறி நின்னு, இடுப்புல டிபன் கேரியரை இடுக்கிக்கிட்டு, பருந்தைக் கண்ட கோழி மாதிரி கழுத்தை வெடுக்குன்னு திருப்புவான். பன்னெண்டு வருசம், தவறாம. அவளுக்குக் கேமராக்காரின்னு பேரே விழுந்துருச்சு, சத்துணவுப் பிள்ளைக தட்டை நீட்டிக்கிட்டுக் கழுத்தைத் திருப்பிக் காட்டும். வெக்கப்பட்டு அவ ஒரு நாளும் படம் பாக்க வந்ததில்ல.

நோட்டுல அது நம்பர் எழுபத்தேழு. மத்த எழுபத்தாறும் அடிச்சாச்சு, இது மட்டும் பாஸ் ஆவ மாட்டேங்குது, ஏன்னா எவனோ ஒருத்தன் சிரிக்கல. ஜெபராஜ் வரிசை வரிசையா டார்ச் அடிச்சுப் பாத்தாரு, எல்லாப் பல்லும் தெரியுது. அந்த ஒருத்தன் லிங்கதுரைதான்னு யாருக்கும் தோணல. அடுத்தவனைச் சிரிக்க வைக்கிறவன் தான் சிரிக்க மாட்டான், அதுலயும் அவன் திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்லா நிப்பான்.

மரத்தடியில ஒருநாள் ஜெபராஜ் நோட்டைத் தட்டினாரு. “இது ஒண்ணுதான் பாக்கி. இதுவும் போச்சுன்னா குறையே இல்லாத படம். உலகத்துல எந்த ஊருக்காவது அப்படி ஒரு படம் இருக்கா?”

ஆடு போச்சு, பனை போச்சு, அடுத்து என்ன போவும்னு அன்னைக்குத்தான் லிங்கதுரைக்கு உறைச்சுது. “அவ கேமராவைப் பாக்கலவே. என்னையப் பாத்தா. நான் கேமராவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு அந்த டைரக்டரு மூக்கை உறிஞ்சுற மாதிரி செஞ்சு காட்டினேன். அதுக்குத்தான் திரும்புனா.”

“கிரகத்துக்குள்ள நீ எங்கல வந்த?”ன்னாரு தவசிமுத்து. “அது இன்னும் பெரிய குறைல்லா.”

“அண்ணாச்சி, அவ ஆளுவே. கிளாஸு இல்ல.”

ஊரு கெட்ட ஊரு இல்ல. தவசிமுத்துதான் மாவுக் கையை அவன் தோள்ல வச்சு, “ஏல, நம்ம புஷ்பம்ல. நாங்க சிரிப்பமா? ஒருத்தனும் சிரிக்க மாட்டான், சத்தியம்”னாரு. மத்தவங்களும் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாங்க.

அதோட விட்டிருக்கலாம். ஆனா சிரிக்காம விட்டா அடுத்த மாசம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கடுத்த மாசம்னு ஒண்ணு இருக்கு, வருசம் பூரா எத்தனை வாயைக் கட்ட முடியும்? லிங்கதுரை யோசிச்சான். விசிலடிக்கிறதுல அவனை மிஞ்ச அந்தத் தாலுகாவுல ஆள் கிடையாது. ஒரே ஒரு விசிலு அடிச்சா நிறைன்னு தீர்ப்பு ஆயிரும், அப்புறம் காலத்துக்கும் எவனும் அவ மேல கை வைக்க முடியாது. “இந்த ஞாயித்துக்கிழமையே இதை முடிச்சிருவோம்”னு அவனே வாயக் குடுத்துட்டான்.

வீட்டுல வந்து சொன்னான். புஷ்பக்கனி கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா.

“நானும் வாரேங்க.”

“நீ எதுக்கு பிள்ள?”

“பன்னெண்டு வருசமா ஊரே பாத்து என்னையச் சிரிக்கு. நான் எப்படி இருந்தேன்னு நான் பாக்க வேண்டாமா? போறதுன்னாலும் பாத்துட்டே போறேன்.”

“போறதுன்னு எல்லாம் சொல்லாத.”

“நீங்கதான் விசிலடிக்கப் போறீங்களே. அப்புறம் என்ன பயம்?”

அதுவும் சரின்னு பட்டுச்சு அவனுக்கு. பொம்பள பக்கத்துல உக்காந்திருந்தா மூஞ்சிக்கு நேரா எவன் சிரிப்பான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தாமரை டாக்கீஸ்ல உக்கார இடம் இல்ல. புஷ்பக்கனி கலியாணப் புடவையைக் கட்டி, மடியில அவிச்ச கடலைப் பொட்டலத்தை வச்சுக்கிட்டு, நடு வரிசையில அவன் பக்கத்துல உக்காந்தா. ஊரு சாவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்துச்சு. ராக்கெட்டு வெடிச்சுது, யாரும் கை தட்டல. தவசிமுத்து பல்லைக் கடிச்சுக்கிட்டு, மாவு உதிர உக்காந்திருந்தாரு. ஜெபராஜ் வாயில கைக்குட்டையை அமுக்கிக்கிட்டாரு. மணல் மேடு வந்துச்சு. லிங்கதுரை ரெண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில வச்சான்.

பன்னெண்டு வருசமா அந்த இடத்துல திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னவன், அன்னைக்குத்தான் அந்த நாலு செகண்டை நேராப் பாக்கான். அவ நடந்து வாரா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது அடியில திரும்பினா. கோழியும் இல்ல, பருந்தும் இல்ல. வாயை இறுக்கி மூடிக்கிட்டு, கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணுல தண்ணி முட்ட, சிரிப்பை அடக்கிக்கிட்டு அவனைப் பாக்கா. இப்ப சிரிச்சுத் தொலைச்சேன்னா இன்னைக்குச் சம்பளம் போச்சு, உங்களை வீட்டுல வந்து வச்சுக்கிடுதேன்னு அந்தக் கண்ணு சொல்லுது. கல்யாணம் ஆன புதுசு அப்ப.

பக்கத்துல இருந்தவ அதைப் பாத்தா. “ஐய, இந்த மூஞ்சியைப் பாருங்களேன்”னா. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால கேமரா முன்னால அடக்கி வச்ச சிரிப்பு அது, அப்படியே கெடாம உள்ள இருந்துருக்கு, இப்பதான் கட்டு அவுந்துச்சு. குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா, மடியில இருந்த கடலை சிதறுச்சு. அவளே சிரிக்கவும் ஊருக்குப் பாரம் இறங்குன மாதிரி ஆச்சு, சத்தியம் பண்ணுன வாயெல்லாம் தொறந்துச்சு, கைக்குட்டை தெறிச்சுது, தவசிமுத்து தொடையில தட்டித் தட்டிச் சிரிச்சாரு. லிங்கதுரை ஊதினான். ஊதத்தான் செஞ்சான். ஆனா அவ சிரிப்பு அவன் காதுல விழுந்து வாய்க்கு வந்துருச்சு, எந்தச் சத்தம் கேட்டாலும் அப்படியே திருப்பிச் செய்யிற வாயி அது, உதடு விரிஞ்சுபோச்சு. சிரிக்கிற வாயில விசில் வராது. விரலைச் சுத்திக் காத்துதான் வந்துச்சு, அதுக்குப் பின்னால சிரிப்பு வந்துச்சு, ஒரு ஆளு பாக்கி இல்லாம.

பக்கத்து மடக்கு சீட்டு டப்புனு மேல ஏறிக்கிச்சு.

கீழ கடலை மட்டும் கிடந்துச்சு.

லிங்கதுரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுக்கப் பாத்தான். ஏட்டையா தாமரை டாக்கீஸ்ல படம் பாத்தவருதான். “நீ சிரிச்சியா?”ன்னு கேட்டாரு. “சிரிச்சேன் சார்.” “அப்புறம் நான் என்னத்தப்பா எழுத?”ன்னு பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாரு. சாவுன்னு மைக்ல சொல்லவும் முடியல, உடம்பு இல்லியே. பதினாறாம் நாள் வைக்கலாமா கூடாதான்னு வாகை மரத்தடியில மூணு நாள் வாதம் நடந்துச்சு, முடிவு ஆகல. தவசிமுத்து இடியாப்ப மாவு ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டாந்து வச்சுட்டு, அவன் மூஞ்சியைப் பாக்காம உக்காந்திருந்துட்டுப் போனாரு. சத்துணவுக்கு வேற பொம்பள வந்தா. ஒரு வாரத்துக்குள்ள ஊரு சொல்ல ஆரம்பிச்சிருச்சு, புஷ்பம் நல்லவதான், ஆனா சாம்பாருக்கு உப்பு கூடப் போடுவான்னு.

ஜெபராஜ் நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. “படத்துல இனிமே குறையே இல்லன்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும்ல, எல்லாரும் போட்டாச்சு”ன்னாரு, அழுதுக்கிட்டுத்தான் சொன்னாரு, ஆனா நோட்டைக் கொண்டாராம இருக்க முடியல அவரால. லிங்கதுரை சும்மா பக்கத்தைத் திருப்பினான். நாப்பத்தொண்ணு, கிரகத்து ஓரத்துல ஒன்பதரை பஸ்ஸு, அடிச்சிருக்கு. அறுபத்து மூணு, பஸ்ஸு ஹாரன், அடிச்சிருக்கு.

“என்ன பஸ்ஸுவே இது?”

ஜெபராஜ் கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு. “என் எழுத்துதான். நம்ம ஊருக்கு ஏதுல பஸ்ஸு?”

லிங்கதுரை வாயைத் தொறந்து ‘பா... பாங்’னான். ரோட்டோரத்துல மொளகா காயிற சிமிண்ட் பெஞ்சு ஞாபகம் வந்துச்சு. ஆளு போனா ஞாபகமாவது மிஞ்சுது. மிச்சமா ஒட்டிக்கிட்டு இருக்கிற அந்தத் துளியும் போச்சுன்னா, வாயில ஒரு சத்தம் இருக்கும், யாரு சத்தம்னு தெரியாது.

அடுத்த கடைசி ஞாயித்துக்கிழமை முதல் ஆளாப் போயி உக்காந்தான். மணல் மேடு வந்துச்சு. ஆளு இல்ல. மூக்குத்தி இல்ல, ஹெல்மெட்டு இல்ல. படம் சுத்தமா இருந்துச்சு. ஊரு கடலையை உடைச்சுக்கிட்டு இருந்துச்சு, குறை இல்லாத படத்தை எவன் உத்துப் பாப்பான். அப்பதான் அவன் கண்டான், காலியான மணல்ல ஒரு காலடித் தடம் விழுகுது. இன்னொண்ணு. மூணு. நாலு. யாரும் நடக்கல, தடம் மட்டும் நடக்குது. அஞ்சாவது தடம் லேசாத் திரும்பி, குதிகாலு மணல்ல ஒரு வட்டம் போட்டுச்சு.

முன் வரிசையில ஜெபராஜ் பேனாவைத் தொறந்துக்கிட்டு முன்னால சாயுறதை லிங்கதுரை பாத்தான்.

விரலை வாயில வச்சு ஊதினான், அன்னைக்கு விரிஞ்ச உதடு குவியல, காத்துதான் வந்துச்சு. எந்திரிச்சு ஓடினான். திரைக்கு முன்னால குதிச்சு ஏறி, முதுகைத் திரைக்குக் காட்டிக்கிட்டு, கோழியாக் கூவினான், தாசில்தாராத் தும்மினான், மில்லு பெல்ட்டா அறுந்தான், பேரு தெரியாத அந்த ‘பா... பாங்’கையும் குடுத்தான், ஆறாவது அடி விழுந்து முடியிற வரைக்கும். ஊரு அவனைத்தான் பாத்துச்சு. ஜெபராஜ் பேனாவை மூடினாரு. பாவம், பொண்டாட்டி போன கிறுக்குன்னாங்க.

அன்னையில இருந்து ஒரு மாசம்கூட விடல அவன். காய்ச்சல்லயும் வந்தான், கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டும் வந்தான். அவ மிச்சம் உலகத்துலயே அந்த ஒரு இடத்துலதான் இருக்கு, மாசத்துக்கு நாலே செகண்டு, அந்த நாலு செகண்டும் அவன் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும். முதுகுக்குப் பின்னால அவ நடக்கிறதை மனசுக்குள்ள எண்ணுவான், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சாவதுல ஒரு நொடி பொறுப்பான், அப்புறம் ஆறு.

“ஏல, உக்காருல, மறைக்குது”ன்னு இப்பல்லாம் கத்துறாங்க. கேட்ட சத்தத்தையே எத்தனை நாள் கேக்குறது. போன மாசம் ஒருத்தன் கடலைத் தொலியை விட்டு எறிஞ்சான், தலைகள் எல்லாம் அவனைத் தாண்டித் திரையைப் பாக்கத் திரும்புச்சு. அப்ப வேற வழி இல்லாம, எப்பவும் வெளிய எடுக்காத ஒண்ணை எடுத்தான். கன்னத்தை உப்பி, அடக்கி, அடக்க முடியாம, குலுங்கிக் குலுங்கி ஒரு பொம்பள சிரிக்கிற சிரிப்பு. திரும்புன தலையெல்லாம் மறுபடி அவன் பக்கம் வந்துச்சு.

“நல்லாருக்கேல, புதுசா இருக்கு”ன்னு இருட்டுல இருந்து ஒரு குரல் கேட்டுச்சு. “யாரு சிரிப்பு அது?”

லிங்கதுரை சொல்லல. பின்னால அஞ்சாவது அடி விழுந்துச்சு.

“என்னையப் பாருங்கல”ன்னான். “அங்க ஒண்ணும் இல்ல. என்னையப் பாருங்க.”